கழுவி வைத்த சட்டி

வங்கியிலிருந்து வந்த உமா மகேஸ்வரி கொட்டகைக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. சாணம் மெழுகின தரை, புதுசாய் வெள்ளையடித்த சுவர், வாசலில் மாக்கோலம், நடுவில் துண்டு விரித்த பிளாஸ்டிக் நாற்காலி. அடுப்புக்குக்கூடச் செம்மண் பூசி மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது.

"நேந்திரங்கா சிப்ஸ் போடுறதா எழுதியிருக்கீங்க. தொழில் எங்கம்மா நடக்குது?"

பாலம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. ஆபீசர் வருகிறார் என்றால் பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்கிற மாதிரி செய்துதான் மேலகரத்தில் பழக்கம். அவள் புருஷன் பிச்சைமணி நேற்றே காய்த்தோல் அடைத்த சாக்கு, எண்ணெய் டின், வாழைக்காய்த்தார் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு ஹைருன் பீவியின் புறவாசலுக்குக் கடத்திவிட்டான். கரியேறிக் கிடந்த இரும்புச்சட்டியைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தும் வைத்துவிட்டான். அவளும்தான் அதைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றாள்.

"ஓடுற தொழிலுக்குத்தான் இந்த மானியக் கடன். அடுப்பு எரியணும், நீங்க வேலை செய்யணும், அதை நான் போட்டோ எடுத்து அனுப்பணும். வெறும் கொட்டகையைக் காட்டினா மேலதிகாரிங்க திருப்பி அனுப்பிருவாங்கம்மா." குரலில் கோபமில்லை. அடுத்து வடகரைக்குப் போகவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க வருதியன்னுதான் மேடம் எல்லாத்தையும் ஒதுக்குனோம்..." பிச்சைமணிக்கு வார்த்தை குழறியது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹைருன் பீவி சிரித்தாள். "எனக்கு அப்பமே தெரியும். கொட்டகைக்கே கல்யாணம் பண்ணுத மாதிரில்லா ஜோடிச்சாவ அண்ணாச்சி!"

பாலம்மாள் சிரிக்கவில்லை. குற்றாலத்தில் அடுத்தவன் கடையில் காய் உரித்து உரித்தே விரலெல்லாம் கறை பிடித்துப்போனவள் அவள். அருவி வற்றினால் கூலியும் வற்றிவிடும். இந்த வருஷம்தான் சொந்தமாய் அடுப்பு மூட்டினாள். கடன் வந்தால் சீவுகிற மெஷின் வாங்கலாம், தென்காசிக் கடைகளுக்குச் சரக்குப் போடலாம். வராவிட்டால் பழைய முதலாளியின் அடுப்படிதான். "எங்கன போனாலும் இங்கனதான்ட்டி வந்து நிப்பே" என்று அவர் சொல்லி அனுப்பியது காதிலேயே கிடந்தது.

சேலையைத் தூக்கிச் செருகினாள். "கொஞ்சம் பொறுங்க மேடம், இந்தா மூட்டிருதேன்." புருஷன் பக்கம் திரும்பினாள். "நீரு ஏன் நிக்கீரு? தாரையும் எண்ணெயையும் தூக்கிட்டு வாரும்!"

வெட்டுக்கத்தியோடு தார் வேலி தாண்டி வந்தது. டின்னிலிருந்து எண்ணெய் சட்டிக்குப் போயிற்று. விறகுதான் மோசம் செய்தது. பார்வைக்கு அசிங்கம் என்று பிச்சைமணி அதையும் வெளியே போட்டிருந்தான். விடியலில் அடித்த சாரலில் ஊறிப்போய்க் கிடந்தது. மூன்று தீக்குச்சி அணைந்தது. உமா மகேஸ்வரி கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

பாலம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். கூரையின் உள்பக்கத்துக் காய்ந்த ஓலையைப் பிடித்துச் சரசரவென்று உருவினாள்.

"ஏட்டி, கூரைட்டி!" என்றான் பிச்சைமணி.

"இருக்கட்டும்."

அடுப்பில் ஓலை குப்பென்று பிடித்தது. ஈர விறகு அழுதுகொண்டே புகைந்தது. புகை சுருண்டு போய்ப் புதுச் சுவரில் ஏறியது. "வெள்ளையெல்லாம் போச்சே" என்று பிச்சைமணி முனகினான். அவள் திரும்பவில்லை. கத்தி நுனியால் காயைக் கீறித் தோலை உரித்துத் தரையிலேயே எறிந்தாள். வாசல் கோலத்தின் மேல்கூடப் பச்சைத்தோல் விழுந்து கிடந்தது. இருமிக்கொண்டு வாசலுக்குப் போன உமா மகேஸ்வரி அங்கேயே நின்றாள், போகவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எண்ணெய் காஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்புப் பக்கம் வந்தாள்.

பாலம்மாள் ஒரு வில்லையைச் சீவிச் சட்டியில் போட்டாள். அது சத்தமில்லாமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. குனிந்து ஊதினாள். கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவில்லை. மறுபடியும் ஊதினாள். நிமிர்ந்து பார்த்தபோது மஞ்சள் வில்லையின் ஓரத்தில் கடுகுபோல ஒரு குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. மூன்று பேரும் சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருக்க, வில்லையின் ஒரு பக்கம் அடியை விட்டு மெல்ல எழும்பியது.