தலை சாய்த்துக் கேட்பவன்

தில்லைநாதனின் கண்ணுக்கு ஒரு மதிப்பு இருந்தது. சுவிஸின் வில் நகரத்துத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் கிழமைக்கு ஐந்து நாள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற மனுசன், சனி ஞாயிறு வந்தால் ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகத்துக்காக மைதானம் மைதானமாக அலைந்து, ஆட்டக்காரர்களைப் பார்த்து அறிக்கை எழுதுவார். பன்னிரண்டு வருடத்தில் அவர் 'எடுக்கலாம்' என்று எழுதியது ஆறு பேரைத்தான். ஆறு பேரும் நின்று பிடித்தார்கள். அதில் ஒருவன்கூடத் தமிழன் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அது அவருக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான், கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டமொன்றில் பானுஜனைக் கண்டபோது மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வயது. பொறியியல் படிக்கிற பெடியன். பின்களத்தின் நடுவில் நின்றான். பந்துக்குப் பின்னால் வீணாக ஓடவில்லை, தேவையில்லாமல் விழவில்லை. எல்லாவற்றையும்விட, அவனுடைய கழுத்து சும்மா இருக்கவேயில்லை. இந்தத் தோளுக்கு மேலால் ஒரு பார்வை, அந்தத் தோளுக்கு மேலால் ஒரு பார்வை. தில்லைநாதன் எண்ணிப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் இருபத்திரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களே அதில் பாதிதான் பார்ப்பார்கள். "அட, இவன் எங்க இருந்தவன் இவ்வளவு நாளும்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அடுத்த ஆட்டத்துக்குக் கழகத்தின் தேர்வுப் பொறுப்பாளர் ரெட்டோவைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். ரெட்டோ மழையில் நனைந்தபடி முழு ஆட்டத்தையும் பார்த்தார். முடிந்ததும் பானுஜனை அழைத்து நாலு வார்த்தை பேசினார். அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண் எடுக்காமல் கேட்டான்.

அவன் போன பிறகு ரெட்டோ இரண்டு கேள்வி கேட்டார். "பின்களத்தில் நிற்கிறவன் கத்த வேண்டும். இவன் வாயே திறக்கவில்லையே? அதோடு, ஏன் தலையை அப்படிச் சாய்க்கிறான்?"

தில்லைநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்கள் வளர்ப்பு ரெட்டோ. பெரியவர்கள் பேசினால் எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் பணிவாகக் கேட்பார்கள். வயதில் மூத்தவர்களைப் பார்த்துக் கத்தவும் மாட்டார்கள். கத்துவதை ஒரு மாதத்தில் பழக்கிவிடலாம். அந்தக் கழுத்தைப் பழக்க முடியுமா?"

ரெட்டோ தோளைக் குலுக்கினார். "உன் ஆட்களை உனக்குத்தான் தெரியும்," என்றார். தில்லைநாதன் அன்றைக்கே அறிக்கையில் எழுதினார்: 'அமைதியானவன். மரியாதை தெரிந்தவன். வலதுகாலன், ஆனாலும் ஏனோ இடப்பக்கம் நிற்கவே விரும்புகிறான். வலப்பக்கம் போட்டால் இன்னும் மின்னுவான்.'

இத்தனைக்கும் தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கிற கிழவன், முப்பது வருட இரைச்சலில் ஒரு காதைப் பறிகொடுத்தவன், பேசும்போதெல்லாம் அதே மாதிரித்தான் தலையைச் சாய்ப்பான். ஊழியர்களின் காதைப் பரிசோதிக்கிற பேருந்து வருடத்துக்கு ஒருதரம் தொழிற்சாலை வாசலுக்கு வரும். தில்லைநாதனும் அதில் ஏறி, காதில் கருவியை மாட்டிக்கொண்டு குந்தியிருந்தவர்தான். அந்தக் கிழவனில் கண்டால் செவிடு, எங்கள் பெடியனில் கண்டால் மரியாதை. மனுசனின் புத்தி அப்படி வேலை செய்தது, என்ன செய்ய!

பரீட்சார்த்த ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. அதில் தேறினால் மூன்று வருட ஒப்பந்தம். உடல்நிலை பற்றிய படிவம் ஒன்றையும் ரெட்டோ அனுப்பியிருந்தார். முழு மருத்துவப் பரிசோதனை ஒப்பந்தத்துக்கு முன்தான், இப்போதைக்கு இது போதும் என்றார். தில்லைநாதன் அதை எடுத்துக்கொண்டு பானுஜனின் வீட்டுக்குப் போனார். தாய் கஜலக்சுமி முதியோர் இல்லத்து வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவள். மூத்தவள் பிரசாந்தினிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"பெடியனுக்கு வருத்தம் கிருத்தம் ஒண்டும் இல்லைத்தானே, தங்கச்சி?"

"என்ன அண்ணை கேக்கிறியள்? அவனுக்கு ஒரு தடிமன்கூட வாறேல்லை."

தில்லைநாதன் பேனையைத் திறந்தார். ஊரில் பாதிப்பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த கை அது. எதையும் ஆறுதலாக வாசிக்கிற பழக்கம் இல்லை. இருதயம், இல்லை. வலிப்பு, இல்லை. கண், இல்லை.

"அங்கிள், அந்தக் காது எண்ட இடத்தில..." என்று பானுஜன் தொடங்கினான்.

"காதுக்கு என்னடா? கொம்மா கூப்பிட்டாக் கேக்காது, அதுதானே? அது எல்லாப் பெடியளுக்கும் இருக்கிற வருத்தம்!" என்று சிரித்தபடி அதிலும் 'இல்லை' என்று கோடு கீறினார்.

கஜலக்சுமி ஒருகணம் அவருடைய முகத்தையே பார்த்தாள். பிறகு, "பானு, அங்கிளுக்கு ரோல்ஸ் எடுத்துக் குடு," என்றாள். பானுஜன் கையெழுத்துப் போட்டான்.

ஆட்டம் ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை பின்னேரம். தில்லைநாதனின் அறிக்கையை மதித்து அவனை வலப்பக்கம் போட்டிருந்தார்கள். முதல் பாதியில் பெடியன் தடுமாறினான். அவன் கழுத்து பேய் பிடித்ததுபோலத் திரும்பியது. தில்லைநாதன் இடப்பக்கக் கோட்டருகே நின்று, "பயப்பிடாத தம்பி, பயப்பிடாத!" என்று தமிழில் கத்தினார். அவன் திரும்பவில்லை. கவனம் அப்படி என்று நினைத்துப் பெருமைப்பட்டார்.

இரண்டாம் பாதியில் ஒரு உயரப் பந்து கோலுக்குக் கிட்ட இறங்கியது. பானுஜன் அண்ணாந்து பார்த்தபடி பின்னுக்குப் போனான். கோல்காப்பாளன் அவனுடைய இடப்பக்கத்தால் ஓடி வந்தான். "வெக்! வெக்! வெக்!" விலகச்சொல்லி மூன்று தரம் கத்தினான். கோட்டுக்கு வெளியே நின்ற தில்லைநாதனுக்கே கேட்டது. பக்கத்து மைதானத்தில் நாயோடு நடந்த பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். பானுஜன் மட்டும் விலகாமல் பந்துக்கு எழும்பினான். ஓடி வந்தவனின் முழங்கால் முதுகில் பட, ஆள் தூக்கி எறியப்பட்டு, தலையின் வலப்பக்கம் கோல் கம்பத்தில் போய் அடித்தது.

அந்தச் சத்தம் கேட்ட நொடியில்தான் தில்லைநாதனுக்கு எல்லாம் விளங்கியது. சாய்ந்த தலை, சும்மா இராத கழுத்து, எல்லாரும் வலக்காதுப் பக்கம் வரும்படி இடப்பக்கம் நின்றது, அந்தக் கிழவன். அவர் ஓடவில்லை. கோட்டிலேயே நின்றார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் கஜலக்சுமி வேலை உடுப்போடேயே இருந்தாள். மண்டையோட்டில் வெடிப்பு, உயிருக்கு ஆபத்தில்லை, வலக்காதின் உள்பக்கம் போய்விட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மற்றக் காது?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"அது ஏழு வயசில கூகைக்கட்டு வந்து, கன்னம் வீங்கிப் போனது, அண்ணை. வெளியில சொல்லேல்லை. தமக்கைக்குக் கலியாணம் பேசேக்க, குடும்பத்தில குறை எண்டு கதைப்பினம் எண்ட பயம்."

"என்னட்டையாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சனான். ஆரும் காணாததைக் காணுற ஆள் நீங்கள். பெடியன் காது எண்டு தொடங்கேக்கையும் சிரிச்சுக்கொண்டு நீங்களே இல்லை எண்டு கீறினியள். அண்ணை தெரிஞ்சுதான் செய்யிறார், எங்கட பிள்ளை எண்டு மறைச்சு விடுறார் எண்டு, அண்டைக்கு நான் உங்களுக்காகச் சாமிக்கு விளக்குக் கொளுத்தினனான்."

தில்லைநாதனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது. சாகிற அளவுக்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்றும் தோன்றியது.

நாலாம் நாள்தான் அவனைப் பார்க்க விட்டார்கள். பானுஜன் தலையில் கட்டோடு யன்னலைப் பார்த்தபடி இருந்தான். தில்லைநாதன் டொக்டர் சொன்னதை மறந்து, வழக்கம்போல அவனுடைய வலப்பக்கம் போய் நின்று, "தம்பி" என்றார். பிறகு பலமாக, "தம்பி!" பக்கத்துக் கட்டில்காரர் திரும்பினார். அவன் திரும்பவில்லை.

தோளில் கை வைத்ததும் திடுக்கிட்டுப் பார்த்தான். ஆளைக் கண்டதும், பாவம், எழும்பப் பார்த்தான். "நான்தான் பிழை விட்டனான், தம்பி. எல்லாம் என்ர பிழை," என்றார் அவர். பானுஜன் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையை எந்தப் பக்கமும் சாய்க்கவில்லை.

"அங்கிள்!" அறை அதிரும்படி கத்தினான். மைதானத்தில் ஒருநாளும் கத்தாத பெடியன். "ரெட்டோ என்ன சொன்னவர்? என்னை எடுக்கினமாமோ?"

தில்லைநாதன் சட்டைப்பையிலிருந்து அறிக்கைக் கொப்பியை எடுத்து, புதுத் தாள் ஒன்றைத் திருப்பி, அவனுக்குத் தெரியக்கூடிய பெரிய எழுத்தில் 'இல்லை' என்று எழுதினார்.