கையெழுத்துக்குப் போன பிள்ளை

இரண்டாவது பாடவேளை தொடங்கியதும் சிவரஞ்சனி எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்றால் கூட்ட நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவது தன் வேலை என்று அவளுக்கே தெரியும்.

ராஜபாளையத்தை ஒட்டிய அந்தத் தொடக்கப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை கல்பனா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, இருட்டுகிற நேரம்தான் திரும்புவார். சத்துணவுக் கணக்கிலிருந்து கழிப்பறைத் தண்ணீர் வரை எல்லாம் அவரே. பெற்றோர் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழு மாதாமாதம் கூட வேண்டும். கூட்டினால் பேச்சு வளரும், வேலை கெடும் என்று நினைத்தார். வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது. அதற்கு, வாய் திறக்காத பிள்ளையாகப் பார்த்து அனுப்பினார்.

குழுத் தலைவி மாரிச்செல்வி, சிவரஞ்சனியின் அம்மா. கையெழுத்துக்கு மேல் எழுத்துத் தெரியாதவள். மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

“என்ன மீட்டிங்கு ஏட்டி?”

“தெரியலம்மா. டீச்சர் வாங்கிட்டு வரச் சொன்னாவ.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இத்தனை பிள்ளைகளில் தன் மகளை நம்பி அனுப்புகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் பெருமையும் பேசினாள்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் சிவரஞ்சனிக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. உதவி ஆசிரியர் ஜோயல் அதைக் கல்பனாவிடம் சொன்னார். தாய்மார்களைச் சாயங்காலம் கூப்பிட்டுப் பேசுவோம், வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் ஒன்றாக உட்கார வைப்போம் என்றார்.

“ஸ்கூல் விஷயத்தத் தெருவுக்குக் கொண்டு போகாதீங்க சார். நான் பாத்துக்கிடுதேன்.”

பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தார். நேரம் கிடைக்கவில்லை. ஜோயலும் அதோடு விட்டுவிட்டார்.

ஜூனில் சிவரஞ்சனி ஆறாம் வகுப்புக்கு ராஜபாளையம் போனாள். தமிழ் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். நின்றுகொண்டே இருந்தாள். பின்பெஞ்சில் யாரோ ‘ஊமைக் கோட்டான்’ என்றார்கள். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் பஸ் ஏறவில்லை. அம்மா அடித்தும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில் பேண்டேஜ் துணி மடிக்கிற கொட்டகைக்குச் சிவரஞ்சனி வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

மாரிச்செல்வி பள்ளிக்கு வந்து கல்பனாவின் முன்னால் நின்றாள்.

“அஞ்சு வருசம் ஒங்ககிட்ட இருந்தா. வாசிக்க வரலன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா டீச்சர்?”

“குழுத் தலைவியே நீங்கதான். மாசாமாசம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“எந்த மீட்டிங்கு வச்சீங்க? எம்மகதான நோட்டத் தூக்கிட்டு வந்தா. அவ தெருவுல அலைஞ்ச நேரமெல்லாம் இங்க பாடம்தான நடந்துச்சு?”

கல்பனா கூட்ட நோட்டை எடுத்து, நடக்காத கூட்டங்களின் கையெழுத்துகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

அந்த வாரமே சாயங்காலம் கூட்டம் நடந்தது. தாய்மார்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து பிள்ளைகளின் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார்கள். கல்பனா ஜோயலை முதலில் பேசச் சொன்னார். சிவரஞ்சனிக்கு வாசிக்க வராதது முன்பே தெரிந்தும் விட்டுவிட்டதை அவர் ஒப்புக்கொண்டார். இன்னும் பல பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்று அவர் பெயர் பெயராகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தாயாகத் தலைகுனிந்தாள். எந்த நேரத்தில் யார் வந்து அந்தப் பிள்ளைகளோடு உட்காருவது என்று நெடுநேரம் பேசினார்கள்.

சிவரஞ்சனியையும் திரும்பக் கூட்டி வருவோம் என்று கல்பனா சொன்னார்.

“அவ வரமாட்டேங்கா டீச்சர். பள்ளிக்கூடம்னாலே காதப் பொத்திக்கிடுதா” என்றாள் மாரிச்செல்வி. பிறகு பெஞ்சிலிருந்து எழுந்து நின்று பேசினாள்.

“ஒருத்தரே பள்ளிக்கூடத்தச் சொமந்தா, சொமக்கிறவிய கண்ணுக்குக் காலடியில நிக்கிற பிள்ள தெரியாது. நீங்க எங்களக் கூப்பிடல. சார் தெரிஞ்சும் சும்மா இருந்தாரு. நானும் என்ன ஏதுன்னு கேக்காமக் கையெழுத்துப் போட்டேன். நாம மூணு பேரும் ஒரு நாள் ஒக்காந்து பேசிருந்தா, எம்பிள்ள படிச்சிருப்பா.”