வடக்கிலிருந்து வடக்குக்கு

கண்ணாடிக்குக் கீழே வடதுருவத்துக் கடல் பாதி உறைந்து கிடக்கிறது, இக்கரையில் நான் வேலை செய்யும் ஊர், அக்கரையில்தான் தம்பி தயாபரனின் ஊர், ஆனால் விமானம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெற்கே போகிறது, எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிகிறது, இணையத்தில் இரண்டு ஊரின் பெயரையும் போட்டுப் பார்த்தேன், ஆகாய வழியாக ஐம்பது நிமிடம் என்றது, யாருக்கு ஐம்பது நிமிடம், காகத்துக்கா, டொரொன்டோவில் டிக்கெட் போட்டுத் தரும் நிமலனைக் கேட்டேன், அண்ணை, நேராப் போற பிளேன் ஒண்டும் இல்லை, தெற்க இறங்கி, அங்க படுத்தெழும்பி, வேற கொம்பனியின்ர பிளேனிலதான் திரும்ப வடக்க ஏறவேணும் என்றான், டேய், ஸ்காபரோவில இருந்து பக்கத்தில இருக்கிற மார்க்கம் போக மொன்றியல் சுத்திப் போ எண்டா நீ போவியோ, என்னை ஏன் அண்ணை ஏசுறியள், நானோ அந்த ஊருகளைக் கொண்டுபோய் அங்க வைச்சனான் என்று சிரித்தான், என்னோடு கடையில் பெட்டி இறக்கும் நண்பன் யோனாசி, இந்தப் பனிநாட்டுப் பூர்வகுடி இனுயிட், ஐஸ் இறுகட்டும், பனியில் ஓடும் ஸ்கிடூ வண்டியில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றான், தம்பிக்கு ஐஸ் இறுகும்வரை நேரமில்லை, புற்றுநோய் நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, தெற்கு ஆஸ்பத்திரியில் சாகமாட்டேன் என்று இனுயிட் மனைவி லேயாவின் ஊருக்கே திரும்பிவிட்டவன், அண்ணை, கெதியா வாவன், எனக்குக் களைக்குது என்று தொலைபேசியில் சொல்கிறான், சொல்லும்போது என் கண்ணுக்குள் அவனுக்கு எட்டு வயது, என் சைக்கிள் பாரில் இருக்கிறான், பிறந்த ஊரில் எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஆமி காம்ப், கூப்பிடு தூரத்துப் பள்ளிக்கு ஊரையே சுற்றி மிதிக்கிறேன், அண்ணை, இந்த முள்ளுக்கம்பியை ஆர் போட்டது, பேசாம இரடா, அங்கே துவக்கு வைத்திருந்தவன் மறித்தான், இங்கே மறிப்பவனுக்கு முகமே இல்லை, பிளேனில் ஏற ஆள் காணாதாம், இலாபம் வராதாம், வடக்கில் இருக்கிறவனுக்குத் தெற்கோடு மட்டும்தான் அலுவலாம், பக்கத்து ஊரில் அவனுக்கு ஒரு தம்பி இருக்கக்கூடும் என்று ஒரு கொம்பனிக்காரனுக்கும் தோன்றவில்லை.

தெற்கு நகரத்து விடுதியில், பனிப்புயல் என்று விமானத்தை நிறுத்திவிட்ட அன்று, லேயா அழைத்தாள், அண்ணை, தயா போயிட்டார், அவனிடம் படித்த தமிழ், அவனுடைய அதே இழுவை, தொலைபேசியைக் கட்டிலில் எறிந்தேன்.

போய் இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது, வீடு நிறைய ஆட்கள், யன்னலுக்கு வெளியே அதே கடல், இந்தக் கரையிலிருந்து பார்க்க என் ஊர்ப்பக்கம் வெறும் வெள்ளை, லேயா தன் தங்கைக்குப் பிறந்த சிசுவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள், அவர் போன அடுத்தநாள் பிறந்தவர், அவற்ர பேர்தான் வைச்சிருக்கிறம், எங்கட ஆக்களில பேர் போற இடத்துக்கு ஆளும் போகும், இனி இவர்தான் உங்கட தம்பி, இதென்ன விசர்க்கதை என்று வாயெடுத்தேன், அதற்குள் லேயாவின் அண்ணன் குனிந்து, தங்கையின் புருசனைக் கூப்பிடும் முறையில் அந்தச் சிசுவைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவினார், ஒருவரும் சிரிக்கவில்லை, சிசு கண்ணைத் திறந்து, எங்கே போயிருந்தாய் என்பதுபோல் நெற்றியைச் சுருக்கியது, சிசுவை என் முகத்துக்கு நேரே தூக்கினேன், கோபம் மட்டும் அடங்கவில்லை, தம்பி, நான் நேராத்தான்டா வர வெளிக்கிட்டனான், அவங்கள் விடேல்லை.