வரிசையில் நின்ற செடிகள்

வேலி போட்ட பிறகு அந்த நிலத்தில் எனக்கு ஒரே வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது.

ஒப்பந்தம் அப்படி. மேய்ச்சல் நிலத்திலிருந்து மாடுகளை வெளியேற்றிவிட வேண்டும். மண்ணில் கிடக்கும் விதையும் பழைய வேரும் தாமாக முளைத்துப் பழையபடி காடாக வேண்டும். அந்த மரங்கள் காற்றிலிருந்து இழுக்கும் கரியமில வாயுவுக்குக் கார்பன் கிரெடிட் என்ற பெயரில் பணம் கிடைக்கும். யாரும் எதையும் நடக்கூடாது.

யோசனை என் மனைவியுடையது. நச்சரித்து நச்சரித்து அவள் அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். மாமா மாடுகளை எல்லாம் விற்றார். வேலி முடிவதற்குள் அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.

தினமும் வேலியைச் சுற்றி வந்தேன். தளராத கம்பியை இறுக்கினேன். கேட்டுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். குடிக்க மாடு இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. படுத்தால் எழுந்துகொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் அவள் பால் கவர்களில் போட்ட நாற்றுகள் இருந்தன. எல்லாம் இந்த மண்ணின் மரங்கள். வேர் கவரைக் கிழித்து வெளியே வந்திருந்தது. ஒரு காலையில் அவற்றை வேலிக்குள் கொண்டுபோய் நட்டேன். அன்று தூங்கினேன்.

மழை முடிந்ததும், காடு தானாக வருகிறதா என்று சரிபார்க்கும் பெண் வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. முளை அடித்து, கயிறு கட்டி, வட்டமாகச் சுற்றி வந்து உள்ளே முளைத்திருந்ததை எண்ணினார். மாமா நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

"இதோ இன்னொண்ணு மேடம். விட்டுட்டீங்க."

"விடலை ஐயா. அது புல்லு."

மேட்டில் ஏறியவர் நின்றுவிட்டார்.

"காட்டு மரம் என்ன, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்குது?"

மாமா முந்திக்கொண்டார். "நான்தாம்மா நட்டேன். வயசாச்சு, புத்தி மழுங்கிப்போச்சு."

"முட்டி மடங்கலைன்னு வழியெல்லாம் புலம்பினீங்க. குழி தோண்ட மட்டும் மடங்கிச்சா?"

"நான்தான் நட்டேன்," என்றேன்.

"ஏன் சார்? சும்மா இருக்கிறதுதானே உங்க வேலை?"

"அதுதான் முடியலை."

"நட்டது நின்னா இதைத் தானா வந்த காடுன்னு எழுதித்தர முடியாது. எடுத்துட்டீங்கன்னா, எடுத்தாச்சுன்னு எழுதிக்கிறேன். ஓடைப் பக்கம் அளந்து முடிச்சதும் விசில் அடிக்கிறேன். அதுக்குள்ள முடிவு பண்ணுங்க."

அவர் இறங்கிப் போனதும் மாமா கேட்டார்: "அவ போட்ட செடியா?"

தலையசைத்தேன்.

"அப்ப விட்டுடுங்க மாப்ள. காடு போனா போகட்டும்."

"மாடும் இல்லை, காடும் இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?"

"உங்க கூடச் சேர்ந்து வேலியைச் சுத்துவேன்."

மண்டியிட்டு முதல் செடியைப் பிடித்தேன். இழுக்கக் கை வரவில்லை.

"பிடுங்காதீங்க," என்றார் மாமா. "மண்ணோட எடுங்க. அந்தத் தொட்டியைத் தினம் தேய்ச்சு வெச்சிருக்கீங்களே, எதுக்கு?"

நான் வேர் அறாமல் தோண்டித் தோண்டிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கு வெளியே நொண்டிக்கொண்டு போய்த் தொட்டியில் மண் அணைத்து வைத்தார். தூக்க வருகிறேன் என்றால் முறைத்தார்.

கடைசிச் செடி ஆழமாக இறங்கியிருந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு விரலால் மண்ணைத் தோண்டினேன். ஓடைப் பக்கமிருந்து விசில் கேட்டது.

"இரும்மா!" என்று மாமா கத்தினார். "இன்னும் ஒண்ணு இருக்கு!"