மூன்றாம் வகுப்பின் நாலாவது ஆள்

எப்போதும்வென்றானைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த அரசுத் தொடக்கப் பள்ளியில் மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் நாலு பேர். போன வருடமும் நாலு பேர்தான். வாசிப்புத் தேர்வன்று ஒருவனுக்கு அம்மை போட்டிருந்தது, இன்னொருத்தி மதுரைக்குப் போய்விட்டாள். வந்த இரண்டு பேரும் கடகடவென்று வாசித்தும், வராதவர்களுக்குப் பூஜ்யம் விழுந்து, பள்ளி நூற்றுக்கு ஐம்பது வாங்கி ஒன்றியத்திலேயே கடைசியாக நின்றது. கூட்டத்தில் தலைமையாசிரியை எஸ்தர்ராணியை எழுப்பிக் காரணம் கேட்டார்கள்.

"எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ள தும்முனா இருபத்தஞ்சு சதவீதம் போயிரும் சார்" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதன்பிறகு அதிகம் சிரிக்கவில்லை.

இந்த வருடம் தேர்வு பிப்ரவரியில் வந்தது. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே எஸ்தர்ராணி மூன்றாம் வகுப்பில் யாருக்கும் ஐஸ் வாங்கித் தரக் கூடாதென்று நாலு வீடுகளிலும் சொல்லி வைத்திருந்தார். தேர்வன்று காலை ஒன்பது மணிக்கு அவரும் உதவி ஆசிரியை முஹ்சினாவும் வாசலில் நின்று எண்ணினார்கள். பெனோ வந்தான். ஆசிம் வந்தான். காற்றாலையில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரரின் மகள் லிப்ஸா வந்தாள். ப்ரியதர்ஷினியைக் காணோம்.

"அவளுக்கு இன்னைக்குக் காதுகுத்து டீச்சர்" என்றான் பெனோ சாவகாசமாக. "வேன் இப்பதான் போகுது."

எஸ்தர்ராணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முஹ்சினா ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் இருக்கும் குலசாமி கோயிலுக்குப் போகிற அந்த வேனை விலக்கு ரோட்டு டீக்கடைக்கு முன்னால் அவள் மறித்தாள். வேனுக்குள் நாற்பது பேர், மேளக்காரர்கள் இரண்டு பேர், வெட்டுவதற்கு ஒரு கிடா. தாய்மாமன் சோலைராஜ் புதுவேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"என்ன டீச்சர், இப்படிக் குறுக்க வருதீங்க?"

"அண்ணாச்சி, ஒரு மணி நேரம் பிள்ளய குடுங்க. பரீட்சை முடிஞ்சதும் நானே கோயில்ல கொண்டாந்து விடுதேன்."

"மாலை போட்ட பிள்ளயத் தனியா அனுப்பப்படாது. நல்ல நேரம் பத்தரைக்கு."

அதற்குள் பட்டுப் பாவாடையும் மாலையுமாக ப்ரியதர்ஷினியே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "மாமா, லிப்ஸா வாசிச்சு நான் வாசிக்கலன்னா அவ வருசம் பூரா சொல்லிக் காட்டுவா. எனக்குப் போணும்."

சோலைராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளையின் அம்மாவான தங்கையைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார். "ஏலே, வண்டியத் திருப்பு" என்றார்.

தேர்வு நடத்த வந்த சத்யபிரியா பி.எட். படிக்கிற பெண். அவள் தாள்களை எடுத்து அடுக்கும்போது மேளச் சத்தத்தோடு வேன் உள்ளே நுழைந்தது. எஸ்தர்ராணி ஓடிப்போய் உதட்டில் விரலை வைத்ததும் மேளம் நின்றது. ஆனால் நாற்பது தலைகளும் ஜன்னல் கம்பியில் வந்து மொய்த்துக்கொண்டன.

"வெளியாள் பார்க்கக் கூடாது மேடம்" என்றாள் சத்யபிரியா.

எஸ்தர்ராணி எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்து, உளுந்தங்காட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளச் சொன்னார். பட்டுச்சேலைகளும் புதுவேட்டிகளும் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டி, மூச்சுக் காட்டாமல் கரிசலை வெறித்துக்கொண்டிருந்தன. கிடா மட்டும் இந்தப் பக்கம் பார்த்து நின்றது.

சத்யபிரியா முதலில் படிவத்தை நிரப்பினாள். தாய்மொழி என்ற கட்டத்துக்கு வந்ததும் லிப்ஸாவிடம் கேட்டாள்.

"வீட்ல ஒடியா. இங்கன தமிழு. ப்ரியாகூடச் சண்டை போட்டா தெலுங்கு" என்றாள் லிப்ஸா. ப்ரியதர்ஷினி வீட்டில் பேசுவது தெலுங்கு.

"ஒண்ணுதான் எழுத முடியும்மா."

"அப்பம் நீங்களே பாத்து ஒண்ணு போடுங்க."

சத்யபிரியா பேனாவைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒடியா என்று எழுதினாள். ஆமையைப் பற்றிய ஒரு பத்தியை ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். பெனோ நிறுத்தி நிறுத்தி, ஆனால் தப்பில்லாமல் வாசித்தான். ஆசிம் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். லிப்ஸா வாசித்து முடித்ததும், "ஆமை ஏன் அழுதது?" என்று சத்யபிரியா கேட்டாள்.

"வீடு பாரமா இருக்குன்னு அழுவுது. ஆனா அதுக்கு வாடகை கிடையாது. பெறவு என்னத்துக்கு அழணும்?"

மைதானத்தில் சில முதுகுகள் குலுங்கின.

கடைசியில் ப்ரியதர்ஷினி எழுந்தாள். மாலை தாளை மறைத்தது. அதைக் கழற்றி எஸ்தர்ராணியின் கழுத்தில் போட்டுவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. கடைசி வரி முடிந்ததும் சோலைராஜால் பொறுக்க முடியவில்லை. திரும்பிவிட்டார். அவர் திரும்பியதும் நாற்பது பேரும் திரும்பினார்கள். யாரும் சொல்லாமலே மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் வெளியே வந்து ஆடியது. கழுத்தில் மாலையோடு நின்ற எஸ்தர்ராணிக்கும் கால் தரையில் நிற்கவில்லை. ஆடுகிறோம் என்பதே அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

நல்ல நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வேன் கோயில் சேர்ந்தது. மத்தியானம் பிரியாணிச் சட்டியோடு சோலைராஜ் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "என் மவன் தினமும் வேன்ல ஏறிக் கோவில்பட்டி போயிப் படிக்கான். அந்த ஒடியாப் பிள்ள வாசிச்ச தமிழ்ல பாதி அவனுக்கு வராது டீச்சர். சூன் மாசம் இங்கன கொண்டாந்து சேத்துருதேன். அவன் தங்கச்சிக்காரியையும் சேத்து."

"நெசமாவா சொல்லுதீங்க?"

"கிடா மேல சத்தியமா. அதைத்தான் தின்னுட்டோமே, இனி மாத்த முடியாது."

ஏப்ரலில் முடிவு வந்தது. ஓட்டப்பிடாரத்தில் நடந்த கூட்டத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே பள்ளி என்று பெயரை வாசித்து, எஸ்தர்ராணியை எழுந்திருக்கச் சொன்னார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்கு, உளுந்தங்காட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாற்பது முதுகுகளும் நினைவுக்கு வந்துவிட்டன. சிரிப்பு வந்தது. அடக்கினார், இன்னும் வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, "மன்னிக்கணும் சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் முஹ்சினா அவரைப் பேருந்து நிறுத்தக் கடைக்கு அழைத்துப் போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். பாதி குடிக்கையில் எஸ்தர்ராணி மறுபடி சிரித்து, புரையேறி, மூக்கு வழியாக ரோஸ்மில்க் வந்தது. முஹ்சினா உச்சந்தலையில் தட்டினாள்.

"போதும் டீச்சர், எல்லாரும் பாக்காவ."

"பாத்தாப் பாக்கட்டும்" என்றார் எஸ்தர்ராணி. "கடைக்காரர்ட்ட இன்னொண்ணு சொல்லு."