நீலமாகத் தெரிந்த தண்டு

நோயாளிகளைப் படுக்கையிலிருந்து தூக்கும் கருவிக்கு அலுமினியத் தண்டு வடிவமைத்தவள் மார்லீன். கணினியில் அதன்மேல் பாரம் ஏற்றிப் பார்க்கும்போது, உலோகப் பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தாள். தண்டு முழுக்க நீலமாக வந்தது. நீலம் என்றால் தாங்கும், சிவப்பு என்றால் உடையும்.

"நீலந்தானே? அனுப்பிடு," என்றார் மேலாளர் டுவைட்.

பட்டியலில் இருந்தது வெல்டிங் படாத அலுமினியத்தின் பலம். இந்தத் தண்டிலோ நடுவிலேயே வெல்டிங். சூடு பட்ட இடத்தில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அது அவளுக்குத் தெரியாததல்ல. மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

ஒஹாயோ மருத்துவமனை ஒன்றில் தண்டு முறிந்து ஒரு கிழவர் விழுந்தார். பிழைக்கவில்லை.

முறிந்த துண்டு அவள் மேசைக்கு வந்தது. மார்லீன் வெல்டிங் ஓரத்துக்குச் சரியான பலத்தைக் கொடுத்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். முறிந்த அதே இடத்தில், இம்மி பிசகாமல், சிவப்புக் கோடு.

டுவைட் எட்டிப் பார்த்தார். "இத யாரும்மா போடச் சொன்னா? அழிச்சிடு. கேஸ் நடத்துற வக்கீலுக்குப் பழைய நீலப் படம் போதும்."

"மத்த ஆஸ்பத்திரிக்குப் போன தண்டெல்லாம் எப்பத் திரும்ப வாங்கறோம்?"

"எதுக்கு வாங்கணும்? எல்லாம் நீலமாத்தான இருக்கு."