வெறும் வயிற்று ரத்தம்

மூன்றாம் வருஷத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவிக்குப் பேச்சுத்துணை யார் என்று கேட்டால், உறைபெட்டி என்றுதான் சொல்வேன். மைனஸ் எண்பது டிகிரியில் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். கதவைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்துவைத்தால் கூச்சல் போடும். அதற்குள் என் ஊர்ப்பக்கத்துத் தாய்மார்கள் எழுபது பேருடைய ரத்தம் சின்னச் சின்னக் குழாய்களில் இருக்கிறது. குவாத்தமாலா நகரத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் அவ்வளவுதான்.

நான் ஃபெலிசியானா பாட்ஸ், தொத்தோனிகப்பான் மலைக்காரி. எங்கள் கட்டடத்தில் கிச்சே பாஷை பேசுகிறவள் நான் ஒருத்திதான். முதல் வருஷம் மத்தியானத்தில் மற்றவர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை யாரும் கூப்பிடவில்லை. தப்பு என் பேரிலும்தான். அன்றிலிருந்து என் மேஜையிலேயே ரொட்டியைப் பிய்த்து விழுங்கிக்கொள்கிறேன். தோர்த்தியா என்கிற மக்காச்சோள அடையைக் கொண்டுபோகத் தோன்றியதில்லை. அது துணியில் சுற்றி நடுவில் வைத்து நாலு பேர் கை நீட்டுகிற பண்டம், ஒருத்திக்கு எதற்கு?

என் ஆராய்ச்சி துத்தநாகத்தைப் பற்றியது. மக்காச்சோளத்தையே நம்பி வாழும் தாய்மார்களின் ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது, குறைந்துபோனால் அதைச் செல்லுக்குள் இழுக்கிற மரபணுக்கள் எப்படி விழித்துக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கு வெறும் வயிற்று ரத்தம் தேவை. வயிற்றுக்குள் ஏதாவது போனாலே ரத்தத்தில் துத்தநாகம் கொஞ்ச நேரத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் அது நிஜமான குறைவா, சாப்பாட்டால் வந்த குறைவா என்று தெரியாது.

என் வழிகாட்டி டாக்டரம்மா, அதாவது தொக்தோரா ஒஃபேலியா அரிவியாகா, இதற்கென்றே ஸ்பானிஷில் ஒரு கேள்வி அச்சடித்துத் தந்திருந்தார். நேற்று இரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர வேறு எதையாவது வாயில் வைத்தீர்களா? இதை நீட்டி முழக்கி எந்தத் தாயிடம் கேட்பது? எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் மலைக்குப் போகிறவள் நான் மட்டும்தானே. என் பாஷையில் ஒரே சொல்லில் கேட்டேன், சாப்பிட்டீங்களா என்று. எழுபது பேரும் இல்லை என்றார்கள்.

துத்தநாகம் யாரும் எதிர்பாராத அளவுக்குக் குறைந்திருந்தது. பாராட்டு என்பதை மருந்துக்குக்கூடத் தராத தொக்தோரா, வரைபடத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவின் முன்னால் வைக்கச் சொன்னார். குழு சரி என்றால் எழுத உட்காரலாம், கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம். அந்தக் கட்டடத்தை விட்டுப் போக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை.

மிச்சமிருந்த ரத்தத்தில் இன்சுலினையும் அளந்துவைப்போமே என்று திங்கட்கிழமை உட்கார்ந்ததுதான் வினை. முப்பத்தொரு பேருக்கு அது எகிறிக் கிடந்தது. வெறும் வயிற்றில் அப்படி வராது. கருவி மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி அளந்தேன். மறுபடியும் அதே முப்பத்தொரு பேர்.

புதன்கிழமை காலை மலைக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியில் பசித்தது. இரண்டு வாழைப்பழம், ஒரு இனிப்பு ரொட்டி, ஒரு காப்பி. அந்த முப்பத்தொரு பேரில் முதல் பெயர் தொமாசா கானிஸ், நான்கு பிள்ளைகளின் தாய், வாய்த்துடுக்குக்காரி. நான் போனபோது அடுப்பில் தோர்த்தியாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாம்மா ரத்தக்காட்டேரி. சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவ்வளவையும் உள்ளே தள்ளிவிட்டு, கூசாமல் இல்லை என்கிறேன். அது பொய்யும் இல்லை. எங்கள் பாஷையில் சாப்பிடுவது என்ற சொல்லுக்குள்ளேயே மக்காச்சோளம் இருக்கிறது. தோர்த்தியா கைக்கு வந்தால்தான் சாப்பாடு. பழம் தின்பதற்கு வேறு சொல், கஞ்சி குடிப்பதற்கு வேறு சொல்.

"அக்கா, ரத்தம் எடுத்த அன்னிக்குக் காலையில என்ன குடிச்சீங்க?"

"அத்தோல் கஞ்சிதான், ரெண்டு கிண்ணம். சர்க்கரை தூக்கலா. மயக்கம் போட்டு விழுந்துடப் போறேன்னு எங்க வீட்டுக்காரருக்குப் பயம்."

"நான் கேட்டேனேக்கா."

"சாப்பிட்டீங்களான்னு கேட்ட. சாப்பிடல. குடிச்சீங்களான்னு கேட்டியா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அடுப்போரம் உட்கார்ந்து ஐந்து தோர்த்தியா சாப்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். இன்சுலின் அளந்தது யாருக்கும் தெரியாது. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் தீர்ந்தது. அந்தச் சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்தி. என்னைப் பிடிக்க இன்னொரு நான் வர வேண்டும். தனியாக இருப்பதில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஆனால் என் எண்ணை நம்பி நாளைக்கு யாராவது மாவில் துத்தநாகம் கலப்பார்கள். அதைத் தட்டிப் போடப்போகிறவள் தொமாசா. காட்டேரி என்று கூப்பிட்டாலும் கையை நீட்டியவள்.

வியாழக்கிழமை தொக்தோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நாட்காட்டியில் அடித்தார்.

"எழுபது பேருக்கும் திரும்ப எடுக்கணும். இன்னும் ஒரு வருஷம் ஆகும், தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். இன்னும் ஒரு வருஷம் அதே மேஜை, அதே ரொட்டி, அதே உறுமல்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லு, ஆய்வேட்டில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்றார். சொன்னேன். நடுவில் தொண்டையில் ஒரு சின்ன வெட்டு உண்டு, அது அவருக்கு வரவில்லை. மூன்று தடவை முயன்றார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, பரீட்சை பார்க்கிற மாதிரி, என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"சாப்பிட்டியா?"

மூன்று வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் என் பாஷையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. உச்சரிப்பு படுமோசம். கண்ணில் நீர் முட்டிவிட்டது. காலையில் ரொட்டியும் முட்டையும் காப்பியும் வயிறு நிறைய முடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"இல்ல, தொக்தோரா" என்றேன், அவருக்குப் புரியாது என்று தெரிந்தும் கிச்சேயிலேயே. "இந்தக் கட்டடத்துல ஒரு நாளும் நான் சாப்பிட்டதில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் சரியாச் சொன்னேனா?"

சரிதான் என்று தலையாட்டிவிட்டு, குழாய்களை எண்ணுவதற்காக உறைபெட்டியைத் திறக்கப் போனேன்.